ஏடும் கூத்தும்: வலைத்தளங்களிற் பிளாஷ் நுட்பம் எழுந்து வீழ்ந்த வரலாறு

ஏட்டைக் கையிலெடுத்தவன் அதனைத் தன் விருப்பம்போற் கையாளலாம். விரைந்து படிக்கலாம், நின்று படிக்கலாம், விளங்காத இடத்துக்குத் திரும்பிச் செல்லலாம், வேண்டாத ஏடுகளைத் தள்ளி வேண்டியதனை மட்டும் எடுக்கலாம். கூத்துக் களரியின் முன் அமர்ந்தவனுக்கோ இவ்வுரிமைகள் இல்லை. கட்டியகாரன் வந்து வரவு பாடி ஆடி முடிக்கும் வரை அவன் காத்திருத்தல் வேண்டும். அண்ணாவியாரின் மத்தளத்துக்கு இசையவே கதை நகரும். இது கூத்தின் குறையன்று, அதன் இயல்பாகும். விடிய விடிய இருந்து பார்ப்பதற்கென்றே வந்தவனுக்கு அக்காத்திருப்பும் ஓர் இன்பமே. ஆயின், ஒரு திகதியை அறிய ஏட்டைத் தேடி வந்தவனைக் களரியின் முன் அமர்த்தி, கட்டியகாரன் வரவு முடிந்த பின்னரே விடை தருவோம் என்று கூறின் அவன் நிலை யாதாகும்?

இணையத்தின் வரலாற்றில் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுக் காலம் இத்தகைய ஒரு நிலை நிலவியது. வாசிப்பதற்கென்று தோன்றிய வலைத்தளங்கள் பல, கண்ணைக் கவரும் அசைவுக் காட்சிகளின் மேடைகளாக மாறின. அம்மாற்றத்துக்குப் பெருங் கருவியாய் நின்றது 'பிளாஷ்' எனப்படும் மென்பொருள். 1996ஆம் ஆண்டிலே பிறந்து, உலகிலுள்ள கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இடம்பெற்று, 2020ஆம் ஆண்டின் இறுதி நாளோடு ஆதரவிழந்து மறைந்த இந்நுட்பத்தின் கதை, கருவிகளைச் செய்வோரும் அவற்றைக் கையாள்வோரும் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒரு பாடத்தைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அப்பாடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையின் தொடக்கமும் வாசகனின் உரிமைகளும்

சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரையடுத்து அமைந்த 'சேர்ண்' என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ஆங்கிலேயரான டிம் பேர்ணேர்ஸ்-லீ என்பார், 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகளாவிய வலைக்கான முதல் திட்டத்தை எழுதி அளித்தார். பல நாட்டு ஆய்வாளர், பல வகைக் கணினிகளில் எழுதிவைத்த ஆவணங்களை ஒருவர் மற்றொருவரிடமிருந்து எளிதிற் பெறுதல் வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதல் உலாவி இயங்கியது. 1991இல் வலை பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. 1993 ஏப்பிரில் 30ஆம் நாள், எவரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம் என அந்நிலையம் அறிவித்தது.

அக்காலத்து வலைப்பக்கம் தோற்றத்தால் எளியது. எழுத்தும், கோடிட்ட இணைப்புகளும் அன்றி அதிற் பெரிதும் வேறொன்றும் இருந்ததில்லை. ஆயினும் அவ்வெளிமையினுள்ளே வாசகனுக்குச் சில பெரும் உரிமைகள் அடங்கியிருந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி உண்டு; ஆகவே அதனைக் குறித்துவைக்கவும் பிறருக்கு அனுப்பவும் இயலும். பின்செல் பொத்தானை அழுத்தின் முன்னர் நின்ற இடத்துக்கு மீளலாம். எழுத்து சிறிதாயிற் பெரிதாக்கலாம். ஒரு சொல்லைத் தேடலாம். ஒரு பகுதியைப் பிரதிசெய்து கொள்ளலாம். பார்வையற்றவராயின், எழுத்தைக் குரலாக மாற்றும் திரைவாசிப்பானின் துணையோடு அதனைச் செவியால் வாசிக்கலாம். இவை எவற்றையும் பக்கத்தை எழுதியவர் தனித்தனியே ஆக்கித் தரவேண்டியதில்லை. உலாவியே எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே வகையாக இவற்றை வழங்கிற்று. ஒரு தளத்திற் பழகியவன் மற்றெல்லாத் தளங்களிலும் வழி தெரிந்தவனானான்.

இவற்றுட் சிறிதெனத் தோன்றும் பின்செல் பொத்தான் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஓர் ஆய்வு சான்றாகும். கனடா நாட்டுக் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இருவர், 23 பேருடைய உலாவற் பழக்கத்தை ஆறு வாரங்கள் பதிந்து ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் சென்ற பக்கங்களில் 58 வீதமானவை முன்னரே கண்ட பக்கங்களாயிருந்தன. அவர்கள் செய்த உலாவற் செயல்களில் ஏறத்தாழ 30 வீதம் பின்செல் பொத்தானை அழுத்தியதேயாகும். வாசகன் முன்னோக்கி மட்டும் நடப்பவனல்லன். திரும்பித் திரும்பி வந்து வழியறிபவன் என்பதனை இது புலப்படுத்தும்.

அலங்காரத்தின் முதற்படி

1993இல் அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் உருவான 'மொசயிக்' உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டியது. வலை பொதுமக்களிடையே பரவ இதுவே பெருங் காரணமாயிற்று. அடுத்த ஆண்டில் வந்த 'நெற்ஸ்கேப்' உலாவி, விட்டுவிட்டு மின்னும் எழுத்தை அறிமுகஞ் செய்தது. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் உலாவி, திரையின் குறுக்கே ஓடும் எழுத்தைக் கொண்டுவந்தது. பக்கத்தைப் பல சட்டங்களாகப் பிரித்துக் காட்டும் முறையும் தோன்றிற்று. உலாவிகளை வெளியிட்ட நிறுவனங்களிடையே நிகழ்ந்த போட்டி, புதுமைக்குப் புதுமை என வளர்ந்தது.

பயன்பாட்டு எளிமை என்னும் துறையில் ஆராய்ச்சி செய்த டென்மார்க்கு நாட்டவரான யாக்கொப் நீல்சன், 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் வலைத்தள அமைப்பில் நிகழும் பத்துப் பெரும் பிழைகளைத் தொகுத்துக் கூறினார். சட்டங்களாகப் பிரித்தல், புதிய நுட்பத்தைப் புதுமைக்காகவே புகுத்துதல், ஓடும் எழுத்தும் ஓயாது அசையும் படமும், பதிவிறங்க நெடுநேரம் எடுக்கும் பக்கம் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றன. கண்ணின் ஓரத்தில் அசையும் பொருள் எதுவாயினும் அது மனிதனின் கவனத்தைத் தன்பால் ஈர்க்கும். காட்டில் வாழ்ந்த முன்னோர்க்கு உயிர் காத்த அவ்வியல்பே, திரையில் வாசிக்க முயல்வோனுக்குத் தடையாகின்றது. ஆகவே பிளாஷ் பெயர் பெறுமுன்னரே அது எழுப்பப்போகும் வினா எழுந்துவிட்டது எனலாம்.

பிளாஷின் பிறப்பு

ஜொனதன் கே என்னும் அமெரிக்கர், 1993ஆம் ஆண்டு ஜனவரியில் 'பியூச்சர்வேவ்' என்னும் சிறு நிறுவனத்தைத் தோழரோடு கூடித் தொடங்கினார். எழுதுகோல் கொண்டு திரையில் எழுதும் கணினிகளுக்கு ஒரு வரைதல் மென்பொருளை ஆக்குவது அவர்தம் நோக்கம். அக்கணினிகள் சந்தையில் நிலைபெறவில்லை. மென்பொருளை வேறு கணினிகளுக்கு ஏற்ப மாற்றினர். அங்கும் வலிய போட்டியாளர் இருந்தனர். 1995இல் ஒரு கண்காட்சியிலே அதனைக் கண்டோர், இதனால் அசைவுப்படம் ஆக்கலாமே என்று கூறினர். அதே காலத்தில் வலை பரவத் தொடங்கியதால், அசைவுப்படத்தை வலையில் அனுப்பும் எண்ணம் உதித்தது. 1996ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 'பியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேற்றர்' வெளிவந்தது. மைக்ரோசொப்ற் நிறுவனமும் டிஸ்னி நிறுவனமும் தம் தளங்களில் அதனைப் பயன்படுத்தின. அவ்வாண்டு டிசெம்பரில் மக்ரோமீடியா நிறுவனம் அதனை வாங்கி, 'பிளாஷ்' எனப் பெயரிட்டது.

அதன் வெற்றிக்குத் தக்க காரணங்கள் இருந்தன. அக்காலத்திற் பெரும்பாலோர் தொலைபேசிக் கம்பியின் வழியே மோடெம் கொண்டு இணையத்தை அடைந்தனர். புள்ளி புள்ளியாகப் பதிந்த படம் அவ்வழியே வருவதற்கு நெடுநேரம் எடுக்கும். பிளாஷ் கோடுகளையும் வளைவுகளையும் கணித அளவுகளாகப் பதிந்து அனுப்பியமையால் அதன் கோப்புகள் சிறியனவாயிருந்தன. மேலும், ஒரே பக்கத்தை நெற்ஸ்கேப் ஒருவகையாகவும் மைக்ரோசொப்ற் உலாவி வேறொருவகையாகவும் காட்டிய அந்நாளில், பிளாஷ் எங்கும் ஒரே தோற்றத்தைத் தந்தது. உலாவியோடு சேர்த்துப் பொருத்திய ஒரு செருகுநிரலே இதற்குப் போதுமாயிற்று. 1999இல் வந்த நான்காம் பதிப்பு ஒலியையும் செயற்கட்டளைகளையும் வளம்படுத்தியது. 2000இல் வந்த ஐந்தாம் பதிப்பு 'அக்சன்ஸ்கிறிப்ற்' என்னும் நிரல்மொழியைக் கொணர்ந்தது. படம் வரையும் கருவியாகப் பிறந்தது, ஒரு முழுத் தளத்தையும் தன்னுள்ளே கட்டியெழுப்பும் கருவியாக வளர்ந்தது.

கட்டியகாரன் வரவு

இவ்வளர்ச்சியோடு வந்தது முகப்புக் காட்சி என்னும் வழக்கம். ஒரு நிறுவனத்தின் தளத்தைத் திறந்தவுடன் அதன் பெயர் எழுத்தெழுத்தாகப் பறந்துவந்து சேரும்; இசை ஒலிக்கும்; ஒளி சுழலும். வந்தவன் தேடியது தொலைபேசி இலக்கமாயினும் விலைப்பட்டியலாயினும் காட்சி முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். இதனாற் சலித்தோர் பலராகவே, காட்சியைத் தாண்டிச் செல்லும் ஒரு பொத்தானை அமைத்தனர். பார்ப்போர் பலரும் விரும்பித் தாண்டும் ஒன்றை அரிதின் முயன்று ஆக்கி, அதனைத் தாண்டுதற்கு ஒரு பொத்தானையும் ஆக்கிவைத்தமை அக்காலத்தின் விந்தைகளுள் ஒன்றாகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். அந்நாளில் விரைந்ததெனப்பட்ட மோடெம் ஒரு வினாடிக்கு 56,000 இருமக் கூறுகளைக் கொண்டுவரும். 500 கிலோபைற் அளவுள்ள ஒரு முகப்புக் காட்சி 40 இலட்சம் இருமக் கூறுகளாகும். கம்பி தன் முழு வேகத்தில் இயங்கினும் அது வந்துசேர 71 வினாடிகள் செல்லும். நடைமுறையில் இன்னும் கூடும். விடைக்குக் காத்திருப்போன் ஏறத்தாழப் பத்து வினாடிகளுக்கு மேற் கவனத்தை ஒன்றில் நிறுத்துவது அரிது என்பது இத்துறையினர் கண்ட முடிபு. சிறு கோப்புக்காகப் பிறந்த நுட்பம், அளவின்றிப் பொருளைச் சுமந்தமையால் பெருஞ் சுமையாயிற்று.

இம்மோகத்தை நகையாடி 1999இல் 'சொம்போ' என்னும் ஒரு தளம் தோன்றியது. நிறம் மாறி மின்னும் வட்டங்களுக்கிடையே ஒரு குரல் வருவோரை ஓயாது வரவேற்கும். இங்கு எதுவும் இயலும் என உறுதி கூறும். அவ்வரவேற்புக்குப் பின்னர்க் காண்பதற்கு யாதுமில்லை. நெடுங் காட்டுரையினும் அவ்வொரு நகைச்சுவை அக்கால வலைத்தளங்களின் நிலையை நன்கு விளக்கியது.

நகைச்சுவையன்றி உண்மையாகவே நேர்ந்த ஒரு வீழ்ச்சியும் உண்டு. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு சுவீடன் நாட்டவர் தொடங்கிய 'பூ' என்னும் ஆடை விற்பனைத் தளம், பலமுறை பிற்போடப்பட்டு 1999 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆடையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் வசதியும், உடன் நின்று உரையாடும் சித்திரப் பெண்ணொருத்தியும், புதிது புதிதாகத் திறக்கும் சாளரங்களும் அதில் இருந்தன. வாங்க வந்தோரிற் பெரும்பாலோர் தொலைபேசிக் கம்பியிலிருந்தனர். பக்கங்கள் வந்துசேரத் தாமதமாயிற்று. அப்பிள் கணினியுடையோர் தொடக்கத்தில் உள்ளே செல்லவே இடர்ப்பட்டனர். 2000 மே 18ஆம் நாள் அந்நிறுவனம் மூடப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 13½ கோடி டொலர் செலவாகிவிட்டது. அளவிறந்த செலவும் விரிவும் அவ்வீழ்ச்சிக்குப் பெருங் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எல்லாப் பழியையும் காட்சி நுட்பத்தின்மேற் சுமத்துதல் நீதியாகாது. எனினும், வாங்க வந்தவன் வாயிலிலேயே தடுக்கப்பட்ட கடை எங்ஙனம் நிலைபெறும்?

வாசகன் இழந்தவை

காத்திருப்பு வெளிப்படையான குறை. அதனினும் ஆழமான குறைகள் கண்ணுக்குப் புலப்படாதவை. முழுத் தளமும் ஒரே பிளாஷ் கோப்பாக அமைந்தபோது, உலாவிக்கு அது ஒரே பக்கம், ஒரே முகவரி. உள்ளே பத்துப் படிகள் சென்ற வாசகன் பின்செல் பொத்தானை அழுத்தினால், முந்திய படிக்கன்றித் தளத்துக்கே வெளியே தள்ளப்பட்டான். உள்ளேயிருந்த ஒரு பகுதியை நண்பனுக்கு அனுப்ப அதற்கெனத் தனி முகவரியில்லை. எழுத்து சிறிதெனின் உலாவியின் வழியே பெரிதாக்க இயலவில்லை. சொல் தேடும் வசதி அதனுள் நுழையவில்லை. எழுத்தைப் பிரதிசெய்யவும் பெரும்பாலும் முடியவில்லை. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு புதிய உருள்பட்டையையும் பொத்தானையும் புனைந்துகொண்டமையால், ஒரு தளத்திற் கற்ற பழக்கம் மற்றொன்றில் உதவவில்லை. படி எது, தூண் எது என்று ஒவ்வொரு வீட்டிலும் புதிதாய்க் கற்கவேண்டிய விருந்தினன் நிலையே வாசகனுக்கு நேர்ந்தது.

தேடுபொறிகளுக்கும் அவ்வெழுத்துக்கள் நெடுங்காலம் மறைந்தே கிடந்தன. பிளாஷ் கோப்பினுள் உள்ள எழுத்தை முறையாகப் படித்து அட்டவணைப்படுத்தும் முயற்சியைக் கூகிள் நிறுவனம் 2008ஆம் ஆண்டின் நடுவிலேயே அறிவித்தது. பலமொழி பேசுவோர்க்கும் இடர் இருந்தது. எழுத்துக்கள் ஒன்றோடொன்று கூடி உருமாறும் இந்திய மொழிகளையும், வலமிருந்து இடமாக எழுதும் அரபு முதலிய மொழிகளையும் செவ்வனே அமைக்கவல்ல எழுத்துப் பொறி 2008இல் வந்த பத்தாம் பதிப்பிலேதான் கிட்டியது. அதுவரை, கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒரு தமிழ்த் தொடரைக் காட்ட விரும்பியோர் அதனைப் படமாக வரைந்து வைக்க நேர்ந்தது. படமான எழுத்து கண்ணுக்கு எழுத்து. கணினிக்கு அது வெறுங் கோடு.

இவ்விழப்பினால் மிகுதியும் வருந்தியோர் பார்வையற்றவர்களே. தொடக்க காலப் பிளாஷ் கோப்பைச் சந்தித்த திரைவாசிப்பான் வாய்மூடி நின்றது. சுட்டியைப் பிடிக்க இயலாது விசைப்பலகையை மட்டும் நம்பியிருந்தோர் உள்ளே நுழைய வழியின்றி நின்றனர். வலைத்தளம் எல்லோர்க்கும் உரியதா என்னும் வினா நீதிமன்ற வகையான ஓர் அமைப்பின் முன் வந்தமையும் இக்காலத்திலேதான். சிட்னி ஒலிம்பிக் விளையாட்டின் தளம் தம்மால் வாசிக்க இயலாதவாறு அமைந்துள்ளதெனப் பார்வையற்ற ஒருவர் 1999இல் முறையிட்டார். அம்முறைப்பாடு பிளாஷைப் பற்றியதன்று. படங்களுக்கு விளக்கச் சொற்கள் இல்லாமை முதலியவற்றைப் பற்றியது. 2000 ஓகஸ்டில் அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழு அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தளத்தை உரியவாறு திருத்தாமையால் 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடும் விதிக்கப்பட்டது. வலைப்பக்கத்தைப் பயன்படுத்த இயலாமை அழகுணர்ச்சி பற்றிய கருத்து வேறுபாடன்று, உரிமை மறுப்பேயாகும் என்பதனை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

கண்டனமும் திருத்தமும்

2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் நீல்சன் பிளாஷை நேராகவே கண்டித்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அது தீமையே என்று அவர் கூறியது பெரும் பூசலை எழுப்பிற்று. அது அளவற்ற அலங்காரத்தைத் தூண்டுகின்றது. வலையின் அடிப்படை வழக்கங்களை உடைக்கின்றது. தளத்தின் உண்மைப் பயனிலிருந்து உழைப்பைத் திசைதிருப்புகின்றது என்பன அவர் காட்டிய காரணங்கள். கலைஞர்கள் அவரைச் சுவையறியாதவர் என்றனர். வலையென்பது நூல்நிலையம் மட்டுமோ, அது அரங்கமும் ஆகாதோ என வினவினர். அவ்வினாவிலும் நியாயம் உண்டு என்பதனை மறுத்தல் ஆகாது.

இப்பூசலின் முடிவு பகைமையாக அமையாமை குறிப்பிடத்தக்கது. 2002 மார்ச்சில் மக்ரோமீடியா வெளியிட்ட ஆறாம் பதிப்பு, திரைவாசிப்பானுக்கு எழுத்தை அறிவிக்கும் வசதியை முதன்முறையாகப் பெற்றது. அவ்வாண்டு ஜூனில், கண்டித்தவரான நீல்சனின் நிறுவனத்தோடு மக்ரோமீடியா கூட்டுச் சேர்ந்து, நற்பயன் தரும் நெறிகளை வகுக்க முற்பட்டது. கண்டனத்தைப் பகையென்று கொள்ளாது பாடமென்று கொண்ட அச்செயல் பாராட்டுக்குரியதே. ஆயின், நெறியை வகுத்தல் வேறு, ஆயிரமாயிரம் ஆக்குவோர் அதனைப் பின்பற்றுதல் வேறு. முன்னர் உலாவி எல்லோர்க்கும் இயல்பாக அளித்த உரிமைகளை, இப்பொழுது ஒவ்வோர் ஆக்குவோனும் தனித்தனியே உழைத்து மீட்டுத்தர வேண்டியதாயிற்று. பலர் அவ்வுழைப்பை மேற்கொள்ளவில்லை.

வீழ்ச்சி

2005 டிசெம்பரில் அடோபி நிறுவனம் மக்ரோமீடியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே தோன்றிய யூடியூப் தளம் தன் காணொளிகளைப் பிளாஷ் வழியாகவே காட்டியது. அக்காலம் பிளாஷின் உச்சிவேளை எனலாம். அவ்வுச்சியிலேயே சரிவும் தொடங்கிற்று. 2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐபோன், பிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்பிரில் 29ஆம் நாள் அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் அதற்குரிய காரணங்களை ஒரு பகிரங்க மடலில் எழுதினார். பிளாஷ் ஒரு நிறுவனத்தின் தனியுடைமை, பாதுகாப்பிற் குறையுடையது, மின்கலத்தை விரைவில் வற்றச் செய்வது என்பவற்றோடு, பயன்பாடு பற்றிய ஒரு காரணமும் அதில் இருந்தது. பிளாஷ் தளங்கள் பல, சுட்டி ஒரு பொருளின்மேல் வந்து நிற்பதனை உணர்ந்து பட்டியலை விரிப்பன. விரலால் தொடும் திரையிலோ 'மேலே நிற்றல்' என்பதே இல்லை. தொடுதல் உண்டு, தொடாமை உண்டு. ஒரு கருவிக்கெனவே இறுக அமைத்த காட்சி, கருவி மாறியபோது பொருளிழந்தது. அப்பிள் நிறுவனத்துக்குத் தன் வணிக நலனும் இதில் இருந்தது என்பதனையும் வரலாற்று மாணவன் மறத்தலாகாது.

2011 நவம்பரிற் கைத்தொலைபேசி உலாவிகளுக்கான பிளாஷை மேலும் வளர்ப்பதில்லை என அடோபி அறிவித்தது. பொதுத் தரமாகிய 'எச்.ரி.எம்.எல். 5' காணொளியையும் ஒலியையும் வரைபடத்தையும் உலாவியின் இயல்பான உறுப்புகளாக ஆக்கி, 2014 ஒக்டோபரில் முறைப்படி ஏற்கப்பட்டது. 2015 ஜனவரியில் யூடியூப் அத்தரத்தைத் தன் இயல்பு வழியாகக் கொண்டது. 2017 ஜூலை 25ஆம் நாள் அடோபி பிளாஷின் முடிவை முன்னறிவித்தது. 2020 டிசெம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆதரவு நின்றது; 2021 ஜனவரி 12ஆம் நாள் முதல் பிளாஷ் இயக்கி எக்கோப்பையும் இயக்க மறுத்தது.

மூன்று ஆண்டுக்கு மேலாக முன்னறிவித்தல் தந்திருந்தும் ஆயத்தமாகாதோர் இருந்தனர். தென்னாபிரிக்காவின் வருமான வரிச் சேவை, தன் படிவங்கள் சில பிளாஷிலே தங்கியிருந்தமையால், அவற்றைத் திறப்பதற்கென்றே ஓர் உலாவியை 2021 ஜனவரியில் வெளியிட நேர்ந்தது. எழுத்தும் கட்டமும் மட்டுமே வேண்டிய வரிப் படிவத்தை ஒரு தனி நிறுவனத்தின் காட்சிக் கருவிக்குள் அடைத்தமையால் விளைந்த இடர் இது.

நடுநிலை நோக்கு

ஆயின், மறைந்ததொன்றை முற்றும் பழித்தல் வரலாற்று நெறியன்று. காணொளிக்குப் பொதுத் தரம் இல்லாத நாளிற் பிளாஷே அதற்கு வழியமைத்தது. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பது நம் பழமொழி. சர்க்கரை வந்த பின்னர் இலுப்பைப்பூவை எள்ளி நகைத்தல் எளிது. பெரும் பொருளும் கூடமும் இன்றி, வீட்டறையிலிருந்தே அசைவுச் சித்திரமும் விளையாட்டும் ஆக்கி உலகுக்கு அளித்த இளைஞர் எண்ணற்றோர்க்கு அதுவே ஆசிரியனாகவும் அரங்கமாகவும் விளங்கிற்று. ஆடவும் பார்க்கவும் என்று வந்தவர்க்கு அது உரிய இடத்தில் நின்ற கருவி. ஏட்டின் இடத்திற் கூத்தை வைத்ததே பிழை, கூத்து பிழையன்று.

அவ்வாக்கங்களின் பின்னைய நிலையும் ஓர் எச்சரிக்கையாகும். 1991இல் எழுதப்பட்ட எளிய வலைப்பக்கம் இற்றை உலாவியிலும் திறக்கின்றது. பிளாஷ் ஆக்கங்களோ இயக்கி நின்றவுடன் ஒரே நாளில் ஊமையாயின. இணைய ஆவணகம் என்னும் அமைப்பு 2020 நவம்பரில், 'றபிள்' எனப்படும் பாவனை மென்பொருளின் துணையோடு அவற்றைச் சேமித்து இயக்கத் தொடங்கியது. தன்னார்வலர் பலரும் அப்பணியில் ஈடுபட்டனர். ஓலை செல்லரிக்குமுன் படியெடுத்த நம் முன்னோரின் பணிக்கு இது ஒப்பாகும்.

பெயர் மாறிய பழைய பிழை

பிளாஷ் மறைந்ததனால் அப்பிழையும் மறைந்ததோ எனின், இல்லை என்றே கூறவேண்டும். பொதுத் தரமே அசைவுக்கும் வழிதந்தபின், பழைய ஆசைகள் புதிய ஆடை உடுத்து வந்தன. தாமாகவே ஓடத்தொடங்கும் காணொளி, வாசகனின் கையிலிருந்து உருட்டலைப் பறித்துத் தன் வேகத்தில் நகர்த்தும் பக்கம், முடிவே காட்டாது நீண்டு செல்லும் பட்டியல், வாசிப்பின் நடுவே எழுந்து மறைக்கும் பெட்டி என இவை பலவாம்.

2013 செப்ரெம்பரில் அப்பிள் வெளியிட்ட ஐபோன் இயங்குதளத்தில், பின்னணி மிதப்பது போன்ற தோற்றமும் பாய்ந்து விரியும் அசைவுகளும் புகுத்தப்பட்டன. உட்செவிச் சமநிலைக் குறைபாடுடையோர் சிலர் அவற்றால் தலைச்சுற்றும் குமட்டலும் உற்றதாகக் கூறினர். அசைவைக் குறைக்கும் தெரிவு சில வாரங்களுள் விரிவாக்கப்பட்டது. 2017 முதல், இத்தெரிவை வலைத்தளங்களும் அறிந்து ஒழுகும் வழி உலாவிகளில் இடம்பெறலாயிற்று. வலைத் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பு 2008 டிசெம்பரில் வெளியிட்ட நெறிகள், ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னுதல் ஆகாது எனவும், தானாகத் தொடங்கி ஐந்து வினாடிக்கு மேல் அசைவதனை நிறுத்தும் வழி வாசகனுக்கு இருத்தல் வேண்டும் எனவும் கூறும். முன்னையது வலிப்பு நோயுடையோரைக் காப்பதற்கு. பின்னையது வாசிப்போர் எல்லோரையும் காப்பதற்கு. இந்நெறிகள் எந்த மென்பொருளின் பெயரையும் கூறித் தடைசெய்யவில்லை என்பது கருதத்தக்கது. கருவி எதுவாயினும் நிறுத்தும் உரிமை வாசகனிடத்தே இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் உட்கருத்து.

இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிபு ஒன்றே. அலங்காரம் குற்றமன்று, அசைவும் குற்றமன்று. ஒரு தளத்தை ஆக்குவோன், வந்தவனுடைய கையிலிருந்த உரிமைகளைக் கேளாமலே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு விலையாகக் காட்சியைக் கொடுத்தானே, அதுவே குற்றம். திரும்பிச் செல்லுதல், குறித்துவைத்தல், பெரிதாக்குதல், தேடுதல், செவியால் வாசித்தல் ஆகிய உரிமைகள் இருக்கும்போது கண்ணிற் படுவதில்லை. அவை இல்லாதபோதே அவற்றின் அருமை விளங்கும். அதனையும் முதலில் உணர்பவர் கண் குன்றியவரும், கை நடுங்குபவரும், மெல்லிய இணைப்பை நம்பித் தொலைவிலிருப்போருமே.

இற்றை மாணவருள் வலைத்தளங்களை ஆக்குவோர் பலர் உளர். நாளை இன்னும் பலராவர். தாம் ஆக்கிய பக்கத்தைப் புதிய கருவியிலும் விரைந்த இணைப்பிலும் பார்த்து மகிழ்வதோடு அவர் அமைதல் ஆகாது. பழைய தொலைபேசியொன்றில் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். சுட்டியைத் தொடாது விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். கண்ணை மூடித் திரைவாசிப்பானின் குரலை மட்டும் கேட்டு ஒருமுறை வழி தேடிப் பார்க்கட்டும். பரீட்சைப் பெறுபேற்றையோ வைத்தியசாலையின் நேரத்தையோ தேடிவரும் ஒருவன் அங்கே தங்குதடையின்றி அதனைப் பெறுவானாயின், அத்தளம் அழகியது. அவன் ஆக்கியோனின் திறமையை வியந்துவிட்டு, வந்த பொருளைப் பெறாமலே மீள்வானாயின், அங்கு நிகழ்ந்தது கூத்து. ஏடு இன்னும் கட்டவிழ்க்கப்படவில்லை.